ஒன்ராறியோவில் உங்கள் முதலாவது இலையுதிர் காலம்: எப்போது, எங்கே, எப்படி

நான் கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு வந்த முதல் ஆண்டு, ஒக்டோபர் 22ஆம் திகதி, "இலை பார்க்கப் போவம்" என்று அண்ணா எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றினார். மடியில் இடியப்பப் பெட்டியும் சம்பலும். வடக்கே மூன்றரை மணி நேரம் ஓடி அல்கோன்குயின் பூங்காவில் இறங்கினால், மேப்பிள் மரங்கள் எல்லாம் மொட்டை. காற்றும் மழையும் முந்திவிட்டன. நனைந்த சருகின் மேல் நின்று இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகப் படியிறங்கினேன். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்ற மேப்பிள் மரம் உச்சி முதல் அடி வரை செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கிழமையாக அதன் கீழேதான் நின்று பஸ் பிடித்திருக்கிறேன். கைபேசியைப் பார்த்தேனே தவிர, ஒரு நாளாவது நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இருபதுக்கு மேற்பட்ட இலையுதிர் காலங்களைக் கண்டுவிட்டேன். ஊரிலிருந்து புதிதாக வரும் உறவுகளுக்கு இங்கே கிடைக்கும் புத்திமதி முழுவதும் குளிரைப் பற்றியதுதான்: கோட் வாங்கு, சப்பாத்து வாங்கு, வெளியே திரியாதே. இதைக் கேட்டுக் கேட்டுப் பலர் செப்டெம்பரிலேயே பேஸ்மென்றுக்குள் அடைந்துவிடுகிறார்கள். ஆண்டிலேயே அழகான ஆறு கிழமைகள் வாசலுக்கு வெளியே கழிந்து போகின்றன. அப்படிப் போகவிடாதீர்கள். நான் அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியை எடுங்கள்

இலையுதிர் காலம் செப்டெம்பர் 22 அல்லது 23 அளவில் தொடங்குகிறது. ஆனால் நிறம் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வருவதில்லை. அது வடக்கிலிருந்து தெற்கே நடந்து வருகிறது. அல்கோன்குயினில் சர்க்கரை மேப்பிள்கள் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் கிழமையிலும் உச்சத்தில் நிற்கும். ரொறன்ரோவுக்கும் ஸ்காபரோவுக்கும் அந்த நிறம் வந்து சேர ஒக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். ஓக் மரங்கள் கடைசியில்தான் மாறும். நவம்பர் வரை செம்பழுப்பு இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே தூரப் பயணம் முதலில், வீட்டுக்குப் பக்கத்து நடை பிறகு. எங்கள் வீட்டார் செய்தது இதற்கு நேர்மாறு.

ஏன் மாறுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பகல் குறுக, மரம் பச்சையம் செய்வதை நிறுத்திவிடும். இருக்கிற பச்சை கரைய, கோடை முழுவதும் அதற்குள் மறைந்து கிடந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படி இல்லை. காம்படி மெல்ல அடைபட, இலைக்குள் தங்கிவிட்ட சர்க்கரையைக்கொண்டு அது அந்த நேரத்தில்தான் புதிதாக உண்டாகிறது. நல்ல வெயில் பகல்களும், உறைபனி விழாத அளவுக்குக் குளிர்ந்த இரவுகளும் அடுத்தடுத்து வந்தால் சிவப்பு கடுமையாக ஏறும். வானிலையில் அப்படி நான்கைந்து நாள் தொடர்ச்சியாகக் கண்டால் அந்த வார இறுதிக்கு வேறு வேலை வைக்காதீர்கள். ஒரு பலத்த காற்றும் ஓர் இரவு மழையும் போதும், எல்லாம் நிலத்துக்கு வந்துவிடும்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் இணையத்தளத்தில் எந்தப் பூங்காவில் எத்தனை வீதம் நிறம் மாறியிருக்கிறது என்ற அறிக்கை இந்தக் காலத்தில் வரும். புறப்படும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கள் தாங்ஸ்கிவிங் விடுமுறை. அந்த மூன்று நாளும் நாடே தெருவில் நிற்கும். முடிந்தால் வேலை நாளில் ஒரு லீவு எடுத்துப் போங்கள்.

உடுப்பு

காலையில் 5 பாகை, மத்தியானம் 18 பாகை, மாலையில் திரும்ப 8. ஒரே நாளில் இவ்வளவும் வரும். அதற்குத் தடித்த கோட் ஒன்று உதவாது. வேர்த்துப் போய்க் கழற்றிக் கையில் சுமப்பீர்கள். உள்ளே மெல்லிய நீள்கைச் சட்டை, அதன் மேல் சுவெற்றர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தூறலும் புகாத ஜக்கெற். ஒவ்வொன்றாகக் கழற்றலாம், ஒவ்வொன்றாகப் போடலாம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, மழை சொல்லியிருந்தால் வேண்டாம். ஈரச் சருகு வாழைப்பழத் தோல் போல வழுக்கும்; அடிப்பாகம் தேய்ந்த சப்பாத்தோடு சரிவில் இறங்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு சோடி காலுறை மேலதிகமாகக் கொண்டுபோங்கள். அவர்கள் எப்படியும் தண்ணீருக்குள் கால் வைப்பார்கள்.

தொடக்கத்துக்கு ரூஜ் போதும்

கார் இல்லை, கையில் காசும் இல்லை என்று இருப்பவர்கள் ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவுக்குப் போங்கள். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். உள்ளே போக ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் அதற்குப் பக்கத்திலேயே விஸ்ரா நடைபாதை தொடங்குகிறது. ஒன்றரை கிலோமீற்றர்தான். வழியில் மரத்தால் கட்டிய பார்வை மேடை ஒன்று உண்டு. அதில் ஏறி நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளும் சிவப்பும் கடும்பச்சையுமாகக் கிடக்கும். அந்தப் பச்சை பைன் மரங்களுடையது. அது நடுவில் இருப்பதால்தான் சிவப்பு இவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது.

காலையில் போவது நல்லது. பத்து மணிக்கு முன்னே வெயில் சாய்வாக விழும்போது இலைகளுக்குப் பின்னால் விளக்குப் பிடித்தது போல இருக்கும். பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீ, கடையில் வாங்கிய நான்கு றோல்ஸ். இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, உண்ணி. குளிர் வந்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெப்பநிலை 4 பாகைக்கு மேலே இருக்கும் நாட்களில் கருங்கால் உண்ணி நடமாடும், லைம் நோயைப் பரப்பக்கூடியது. காற்சட்டை விளிம்பைக் காலுறைக்குள் செருகுங்கள், பாதையின் நடுவால் நடவுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, பிள்ளைகளின் தலைமயிர் ஓரம் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மற்றது பொய்சன் ஐவி என்ற நச்சுச் செடி. ஒரு காம்பில் மூன்று இலைகள். இலையுதிர் காலத்தில் இதுவும் அழகான சிவப்பாக மாறும்; அதுதான் ஆபத்து. சேர்த்து வைக்கலாம் என்று பிள்ளை ஆசையாகப் பிடுங்கினால் கை முழுவதும் கொப்புளம் போடும். மூன்று இலை கண்டால் தொடாதே என்று புறப்படும் முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

மீன் ஏறும் நாட்கள்

இலைக்காகப் பலர் போகிறார்கள். மீனுக்காகப் போகிறவர்கள் எங்கள் ஆட்களில் குறைவு. என்னைக் கேட்டால் இந்தக் காலத்தின் மிகப் பெரிய காட்சி இதுதான்.

செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் வரை, ஒன்ராறியோ ஏரியிலிருந்து சாமன் மீன்கள் முட்டையிட ஆறுகளுக்குள் ஏறும். ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக் ஓடுகிறது. மோர்னிங்சைட் பார்க்குக்குள் நடந்து போய் ஆற்றங்கரையில் நின்றால் போதும். மேற்கே இருப்பவர்கள் ஹம்பர் ஆற்றில் ஓல்ட் மில் பக்கம் போகலாம். கார் உள்ளவர்கள் கிழக்கே போர்ட் ஹோப் நகரில் கனரஸ்கா ஆற்றைப் பார்க்கலாம். அங்கே அணைக்கட்டுப் பக்கத்தில் மீன்கள் ஏறிப் போவதற்குப் படிபோல ஒரு வழி கட்டி வைத்திருக்கிறார்கள்.

மழை பெய்து ஆறு கொஞ்சம் பெருகி, மறுநாள் தெளியத் தொடங்கும் நேரம்தான் நேரம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் உங்கள் நிழல் விழாமல் அசையாது நில்லுங்கள். ஆழம் குறைந்த கல்லுப் பகுதியைப் பாருங்கள். முதலில் ஒரு முதுகுச் செட்டை வெளியே தெரியும். பிறகு கண் பழகும். பழகியதும், கல் என்று இவ்வளவு நேரம் நினைத்தது மீன் என்று விளங்கும். அவை சினூக் இனம், ஒன்றரை இரண்டு முழ நீளம். முதுகு கறுத்து, வாலின் ஓரம் தேய்ந்து வெளுத்திருக்கும். கல்லில் உரசி உரசி வந்த வால் அது. ஒரு சிறிய நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வந்து நிற்கும், பின்வாங்கும், உன்னிப் பாயும், விழும். மறுபடி பாயும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அது ஏறிவிடும்போது கரையில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கைதட்டுவார்கள். என் மகன் ஆறு வயதில் அழுதுவிட்டான், ஏறாத மீனுக்காக.

இந்த சினூக் இங்கேயே பிறந்து வளர்ந்த இனம் இல்லை. ஏரியின் சொந்த இனமான அத்திலாந்திக் சாமன் 19ஆம் நூற்றாண்டின் முடிவோடு இங்கே அழிந்து போனது. ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள், காடழிப்பு, அளவுகணக்கில்லாத மீன்பிடி எல்லாம் சேர்ந்த வேலை. பசிபிக் பக்கத்து சினூக்கை 1960களின் பிற்பகுதியிலிருந்து ஏரியில் விடத் தொடங்கினார்கள். வந்த இடத்தில் ஆறு தேடி ஏறப் பழகிக்கொண்டது.

முட்டையிட்ட பின் அவை இறந்துவிடும். கரையில் செத்த மீன் கிடக்கும், மணக்கும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவற்றை ரக்கூனும் கடற்புறாவும் தின்னும். ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். நீங்கள் மிதிக்கும் சரளைக்கு உள்ளே முட்டைகள் இருக்கும். மீனைத் தொடவும் வேண்டாம், நாயை அவிழ்த்து விடவும் வேண்டாம்.

அப்பிள் பறித்தல்

நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பல, நாங்களே பறித்து எடுக்க விடுகின்றன. முன்கூட்டியே தொலைபேசியிலோ இணையத்திலோ மூன்று விடயங்கள் கேளுங்கள்: இந்தக் கிழமை எந்த இனம் பழுத்திருக்கிறது, உள்ளே போகக் கட்டணம் உண்டா, பை எவ்வளவு. செப்டெம்பர் நடுவில் மக்கின்டொஷ், அதை ஒட்டி ஹனிகிறிஸ்ப், பிறகு எம்பயர், ஒக்டோபர் கடைசியில் நோர்தேர்ன் ஸ்பை. மக்கின்டொஷ் ஒன்ராறியோவின் சொந்தப் பிள்ளை. 1811இல் ஜோன் மக்கின்டொஷ் என்ற விவசாயி மாகாணத்தின் கிழக்கே டன்டெலா என்ற ஊரில் காடு வெட்டும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது.

பறிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாங்கள் ஊரில் மாங்காய்க்குக் கல்லெறிந்தவர்கள், கொக்கத்தடியால் இழுத்தவர்கள். இங்கே மரத்தை உலுப்பக் கூடாது. காயை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி உயர்த்தி மெல்லத் திருகுங்கள். பழுத்திருந்தால் காம்போடு கையில் வந்துவிடும். வராவிட்டால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கீழ்நோக்கி இழுத்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் சேர்ந்து உடையும். பைக்குள் எறியாமல் வையுங்கள். அடிபட்ட ஒன்று எல்லாவற்றையும் பழுதாக்கும்.

வீட்டில் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், கீரைக்குக் கிட்ட வைக்காமல் தனியாக வையுங்கள். அப்பிளிலிருந்து வரும் வாயு கீரையைக் கெதியாக மஞ்சளாக்கிவிடும். மக்கின்டொஷ் அடுப்பில் வைத்ததும் கரைந்துவிடும், சட்னிக்கு நல்லது. கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துண்டுகளைக் கொட்டி, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கிண்டினால் பாணுக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். மாங்காய் கிடைக்காத நாட்களில் நான் பருப்புக்குள் போடுவது புளிப்பும் உறுதியும் உள்ள நோர்தேர்ன் ஸ்பை.

அதே தோட்டங்களில் பூசணியும் குவித்து வைத்திருப்பார்கள். ஹலோவீனுக்கு வெட்டும் பெரிய பூசணி கறிக்குச் சரிவராது, தண்ணீர்த்தன்மை. சமையலுக்குச் சிறியதைக் கேட்டு வாங்குங்கள்.

அல்கோன்குயின் போவதானால்

1893இல் தொடங்கிய பூங்கா இது. போய்ப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஆயத்தத்தோடு. பகல்நேர அனுமதிச் சீட்டை ஐந்து நாள் முன்னதாக இணையத்தில் பதியலாம். இலைக்கால வார இறுதிகளில் அது முடிந்துவிடும். சீட்டில்லாமல் போய் வாசலில் கெஞ்சுவதில் பயனில்லை. இருட்டோடு வெளிக்கிடுங்கள். பெற்றோலை வழியிலேயே நிரப்புங்கள், வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள், உள்ளே பல இடங்களில் சிக்னல் வராது.

60ஆம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவுக்குள்ளே 56 கிலோமீற்றர் ஓடுகிறது, நடைபாதைகளில் பெரும்பாலானவை அதை ஒட்டித்தான். நேரம் குறைவென்றால் லுக்கவுட் நடைபாதை ஒன்றே போதும். சுமார் 2 கிலோமீற்றர், ஏற்றம் கடினம், உச்சியில் பாறை விளிம்பு. அங்கே வேலி கிடையாது. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். படம் எடுக்கப் பின்னோக்கிக் கால் வைக்காதீர்கள்.

திரும்பும்போது மாலை மங்கலில் மெதுவாக ஓடுங்கள். மூஸ் மானும் மற்ற மான்களும் இணை தேடித் திரியும் காலம் இது, தெருவைக் குறுக்கறுக்கும்.

வீட்டு முற்றத்து இலைகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் மாசி, பங்குனியில் வேம்பு சொரியும். விடியப்புறம் அம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றம் கூட்டும் சத்தத்தில்தான் கண் விழிப்போம். மண்ணில் வளைவு வளைவாகக் கீறல் விழுந்திருக்கும். அதன் மேல் முதலில் கால் வைப்பது யார் என்று எங்களுக்குள் போட்டி. சருகைக் குவித்துக் கொளுத்துவார். இங்கே முதன்முதலாக றேக்கால் இலை வாரியபோது அந்தச் சத்தம்தான் காதில் கேட்டது.

இங்கே கொளுத்தக் கூடாது. நகரத்தில் திறந்த வெளியில் எரிப்பது தடை. காய்ந்த நாளாகப் பார்த்து, காற்றடிக்கும் திசைக்கே வாருங்கள். பழைய சேலையையோ படுக்கை விரிப்பையோ புல்லில் விரித்து, இலைகளை அதன் மேல் இழுத்து, நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே தடவையில் மலையளவு நகரும். ரொறன்ரோவில் பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்தால் எடுக்க மாட்டார்கள், வன்பொருள் கடையில் விற்கும் கடதாசிப் பையை வாங்குங்கள். எல்லாவற்றையும் வாரி எறியவும் வேண்டாம். பூப்பாத்தியின் மேல் ஒரு படை பரப்பி விடுங்கள், மண்ணுக்குப் போர்வை, பூச்சிகளுக்கும் வீடு.

பையில் கட்டும் முன் பிள்ளைகளைக் குவியலுக்குள் பாய விடுங்கள். தடி, கல், நாய்க்கழிவு இருக்கிறதா என்று ஒருதரம் கிளறிப் பார்த்தால் போதும். தெருவோரக் குவியலில் மட்டும் விளையாட விடாதீர்கள். உள்ளே பிள்ளை இருப்பது வாகனக்காரருக்குத் தெரியாது.

நல்ல இலைகள் சிலவற்றை எடுத்து வையுங்கள். உங்கள் முற்றத்திலோ தெருவிலோ பொறுக்குங்கள். ரூஜிலும் மாகாணப் பூங்காக்களிலும் எதையும் எடுத்து வரக் கூடாது. அன்று விழுந்த, இன்னும் வளையக்கூடிய இலையாக இருக்க வேண்டும். ஈரம் துடைத்து, பத்திரிகைத் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, பாரமான புத்தகத்துக்குள் ஒரு கிழமை. இரண்டாம் நாள் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படாத இடத்தில் வைத்தால் சிவப்பு கனகாலம் நிற்கும்.

அந்தப் பஸ் தரிப்பிட மரத்தின் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "உது என்ன பிள்ளை, முள்முருக்கையோ பூத்திருக்கு?" என்று கேட்டார். பூ இல்லை அம்மா, இலை என்றேன். நம்பவில்லை. வீடியோ அழைப்பில் ஓர் இலையைக் கையில் பிடித்து நரம்பு தெரியக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

கடைசிச் சனிக்கிழமை

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். செப்டெம்பர் கடைசியில் மாலை ஏழு மணி வரை நின்ற வெளிச்சம், அந்த ஞாயிறு ஐந்து மணிக்கெல்லாம் போய்விடும். வேலை முடிந்து வரும்போது இருட்டு.

அதனால் அதற்கு முந்தின சனிக்கிழமை மாலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிற கடைசி மாலை அதுதான். நாங்கள் பிளாஸ்கோடு ஸ்காபரோ ப்ளஃப்ஸ் என்ற செங்குத்தான மேட்டுக்குக் கீழே ஏரிக்கரைக்குப் போவோம். கனடா வாத்துகள் அம்பு முனை போல வரிசை கட்டித் தெற்கே போகும். வரிசையின் தலைவாத்து களைத்ததும் பின்னுக்குப் போக, இன்னொன்று முன்னே வரும். கதைத்துக்கொண்டே பறக்கும். சத்தம் ஓயும் வரை நின்று பார்த்துவிட்டு, கை விறைக்கத் தொடங்கியதும் காருக்குத் திரும்புவோம்.